கோலிக்குண்டுகளும் ஒரு நிழற்படமும்

(வரலாற்றுத் துறை ஆசிரியர்)

பழம்பொருள்களைப் போற்றிக் காக்க வேண்டும் என்று வகுப்பறையில் ஆண்டுதோறும் பேசுபவன் நான். வரலாறு கற்பிப்பவனுக்கு அது தொழில். ஆனால் பழம்பொருள் என்றால் கல்வெட்டும் செப்பேடும் காசும் மட்டுமே என்று எண்ணிக்கொண்டு, என் வீட்டுப் பரணில் கிடந்த ஒன்றை முப்பது ஆண்டுகளாக நினைத்தும் பாராதிருந்தேன். அது ஓர் ஆர்லிக்ஸ் புட்டி. அதற்குள் 143 கோலிக்குண்டுகள். சென்ற கோடை விடுமுறையில் அந்தப் புட்டி எனக்குக் கற்பித்த பாடத்தை மாணவ நண்பர்களோடு பகிர்ந்துகொள்ளவே இக்கட்டுரை. விளையாட்டுப் பொருளைப் பற்றி விளையாட்டாக எழுதுகிறான் என்று எவரும் கருத வேண்டா.

கும்மிடிப்பூண்டியில் நாங்கள் வாழ்ந்த வீட்டை விற்பதென்று முடிவாயிற்று. என் தந்தையார் அங்குள்ள தொழிற்சாலை ஒன்றில் வேலை பார்த்தவர். அவர் மறைந்தபின் அன்னையார் அந்த வீட்டில் தனியே இருந்தார். இனித் திருவள்ளூரில் எங்களோடு இருக்கட்டும் என்று அழைத்துவரச் சென்றோம். பரணை ஒழிக்கும்போது புட்டி அகப்பட்டது. ஒன்பதாம் வகுப்பில் படிக்கும் என் மகள் அதைத் துடைத்து, குண்டுகளையெல்லாம் பித்தளைத் தாம்பாளத்தில் கொட்டி, கைப்பேசியால் ஒரு படம் எடுத்தாள். படம் அழகாகவே இருந்தது. உறவினர் பலருக்கும் அனுப்பினாள். எல்லாரும் பாராட்டினர்.

அன்னையார் மட்டும் கண்ணாடியை மாட்டிக்கொண்டு அப்படத்தை நெடுநேரம் பார்த்துவிட்டு, "இதுல அந்தக் கேம்ப்புப் பையன் குடுத்த குண்டு எதுடா?" என்று கேட்டார்.

"குடுத்ததில்லம்மா, நான் ஜெயிச்சது" என்றேன். ஆனால் எது என்று காட்ட முடியவில்லை. படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தோம். எல்லாக் குண்டுகளின் தலையிலும் கைப்பேசி விளக்கின் வெள்ளைப் புள்ளி ஒன்றே தெரிந்தது. ஒன்றுக்கும் மற்றொன்றுக்கும் வேறுபாடு இல்லை.

அப்போதுதான் எனக்குச் சுருக்கென்றது. படம் எடுப்பது வேறு. பதிவு செய்வது வேறு. நாம் இன்று ஓயாமல் படம் எடுக்கின்றோம். உண்ணும் இட்லியை எடுக்கின்றோம், ஏறும் பேருந்தை எடுக்கின்றோம். ஆனால் பதிவு செய்கின்றோமா? இல்லை என்பதே என் கருத்து.

நம் மாவட்டம் கற்பிக்கும் பாடம்

பதிவு என்றால் என்ன என்பதை அறிய நாம் நெடுந்தொலைவு செல்ல வேண்டியதில்லை. 1863ஆம் ஆண்டு மே மாதம் இராபர்ட் புரூஸ் பூட் என்னும் நிலவியல் அறிஞர் பல்லாவரத்தில் ஒரு கல்லைக் கண்டெடுத்தார். அது மனிதன் செதுக்கிய கருவி என்று கண்டுகொண்டார். அதே ஆண்டு செப்டம்பரில் அவரும் வில்லியம் கிங் என்பவரும் நம் திருவள்ளூர் மாவட்டத்து அத்திரம்பாக்கத்தில் அத்தகைய கருவிகள் பலவற்றைக் கண்டனர். பின்னாளில் சாந்தி பப்புவும் குமார் அகிலேஷும் அங்கே முறையாக அகழ்ந்தனர். அங்கு கிடைத்த கற்கருவிகளுள் மிகப் பழையன ஏறத்தாழ 15 இலட்சம் ஆண்டுகளுக்கு முற்பட்டவை என்று 2011இல் உலகம் அறிந்தது.

அந்தக் கற்களை ஒருவர் அழகுக்காகப் பொறுக்கி ஒரு கூடையில் கொட்டி வைத்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? 15 இலட்சம் ஆண்டு என்று எவரும் சொல்லியிருக்க முடியாது. எந்த மண்ணடுக்கில், எவ்வளவு ஆழத்தில், எதன் அருகே கிடைத்தது என்று எழுதி வைத்ததனாலேயே கல் பேசிற்று. அகழாய்வில் எடுக்கப்படும் படத்தில் பொருளின் பக்கத்தில் ஓர் அளவுகோல் கிடக்கும். ஒரு சீட்டில் எண் இருக்கும். பார்ப்பதற்கு அது அழகான படமன்று. ஆனால் நூறாண்டு கழித்து ஒருவன் பார்த்தாலும் அவனுக்குப் பயன்படும் படம் அதுவே.

பூண்டி நீர்த்தேக்கத்தின் அருகில் தமிழ்நாடு அரசு தொல்லியல் துறையின் தொல்பழங்கால அகழ்வைப்பகம் இருக்கின்றது. நம் மாணவர்களைப் பலமுறை அங்கே அழைத்துச் சென்றிருக்கிறேன். கல்லின் பக்கத்தில் எழுதியிருப்பதைப் படிக்காமல் நகராதீர்கள் என்று அதட்டியிருக்கிறேன். அப்படி அதட்டியவன் தன் வீட்டுக் குண்டுகளைத் தாம்பாளத்தில் குவித்துவிட்டு நின்றேன்!

கோலி ஒரு பொருளா?

கோலிக்குண்டையும் அகழாய்வையும் ஒன்றாகப் பேசலாமா என்று சிலர் நகைக்கக்கூடும். பேசலாம். மொகஞ்சதாரோவிலும் அரப்பாவிலும் கிடைத்த சிறு கல் உருண்டைகள் விளையாட்டுக்கானவை என்று அறிஞர் கருதுவர். நம் கீழடியில் சுடுமண் வட்டச் சில்லுகளும் ஆட்டக்காய்களும் பகடையும் கிடைத்துள்ளன. எவனோ ஒரு சிறுவன் தொலைத்துவிட்டு வீட்டில் அடி வாங்கிய சில்லு, இன்று தமிழர் நாகரிகத்துக்குச் சான்றாக நிற்கின்றது. மொழிஞாயிறு தேவநேயப் பாவாணர் 1954இல் தமிழ்நாட்டு விளையாட்டுகளைத் தொகுத்து ஒரு நூலே எழுதினார். அதில் கோலியாட்டமும் முறையாக விளக்கப்பட்டிருக்கின்றது. சொற்களின் வேரைத் தேடுவதில் வாழ்நாளைச் செலவிட்ட பேரறிஞருக்குக் கோலி சிறிதாகத் தோன்றவில்லை. நமக்கு ஏன் தோன்ற வேண்டும்?

மேலும், ஓர் ஊரின் வரலாறே அந்தப் புட்டிக்குள் இருந்தது என்பதைப் பின்னர்தான் உணர்ந்தேன்.

143 குண்டுகளில் 9 சோடாக்குண்டுகள். கோலி சோடாப் புட்டியை 1872இல் காப்புரிமை பெற்று வழங்கியவர் ஐரம் காட் என்னும் ஆங்கிலேயர். புட்டியைத் தலைகீழாகப் பிடித்து நிரப்புவர். உள்ளிருக்கும் வளியின் அழுத்தம் குண்டைக் கழுத்திலுள்ள ரப்பர் வளையத்தோடு இறுக்கி அடைத்துவிடும். தக்கை வேண்டா, மூடி வேண்டா. உடைந்த புட்டியிலிருந்து எடுத்த இக்குண்டுகள் இளம்பச்சை நிறம். கண்ணாடி காய்ச்சும் மணலில் கலந்திருக்கும் இரும்பே அந்தப் பச்சைக்குக் காரணம். பெட்டிக்கடைக்காரரிடம் கெஞ்சிக் கெஞ்சி வாங்கியவை அவை.

4 குண்டுகள் எஃகு. சிப்காட் நிறுவனம் 1971இல் தொடங்கப்பட்டது. பிறகு கும்மிடிப்பூண்டியில் அதன் தொழில் வளாகம் எழுந்தது. ஆலைகள் வந்தன. ஆலைகளோடு பழைய இரும்புக் கடைகளும் வந்தன. தேய்ந்து கழித்த பேரிங்கை உடைத்தால் பால்ரஸ் உருளும். அதை வைத்து அடித்தால் எதிரியின் கண்ணாடிக் குண்டு தெறித்துப் பிளந்துவிடும். ஆகையால் எங்கள் தெருவில் பால்ரஸ் ஆட்டத்துக்கு ஆகாது என்று தடையே இருந்தது. வைத்திருப்பது பெருமை, ஆடுவது குற்றம். வயல் சூழ்ந்த ஊர் தொழிலூராக மாறியதற்கு அந்த 4 எஃகுக் குண்டுகளைவிட நல்ல சான்று என் வீட்டில் வேறில்லை.

எஞ்சிய 130 கடையில் விற்ற கண்ணாடிக் குண்டுகள். உள்ளே பூப்போட்டவை, பால்வெள்ளை, கருநீலம். ஒரு குண்டின் குறுக்களவு ஏறக்குறைய 16 மில்லிமீட்டர். எடை 5 கிராமுக்குச் சற்று மேல். ஒரு காலத்தில் இவற்றைக் கையால் உருட்டிச் செய்தனர். அமெரிக்காவில் மார்ட்டின் கிறிஸ்டென்சன் என்பவர் 1905இல் காப்புரிமை பெற்ற இயந்திரம் வந்தபின், பள்ளம் வெட்டிய உருளைகளுக்கிடையே கண்ணாடிக் குழம்பு உருண்டு தானே குண்டாயிற்று. அதன் பிறகே ஏழைச் சிறுவனின் கைக்கும் அது எட்டிற்று.

பெயர்களையும் எண்ணிப் பாருங்கள். நாங்கள் கோலி என்றும் குண்டு என்றும் சொன்னோம். ஆந்திர எல்லை அருகில் அன்றோ! தெலுங்கு பேசும் தோழர்கள் கோலீலு என்றனர். கடல் கடந்து வந்து முகாமில் வாழ்ந்த இலங்கைத் தமிழ்ப் பிள்ளைகள் போளை என்றனர். இன்று ஆலைகளில் உழைக்க வடமாநிலங்களிலிருந்து வந்திருக்கும் தொழிலாளர்களின் பிள்ளைகள் கஞ்சே என்கின்றனர். ஒரு சிறு குண்டுக்கு ஒரே ஊரில் இத்தனை பெயர்கள்! படத்தில் இது தெரியுமா? எழுதினால்தான் தெரியும்.

இரண்டாவது படம்

ஆகவே நானும் என் மகளும் மீண்டும் தொடங்கினோம். இரண்டு ஞாயிற்றுக்கிழமைகள் ஆயின. செய்முறையைச் சொல்லிவிடுகிறேன்; எவருக்கேனும் பயன்படும்.

கைப்பேசி விளக்கை அணைத்துவிட்டோம். உருண்டையான கண்ணாடி எதிரிலுள்ள ஒளியை அப்படியே திருப்பிக் காட்டும்; உள்ளிருக்கும் பூவை மறைத்துவிடும். சன்னலில் ஒரு பழைய வெள்ளை வேட்டியைக் கட்டினோம். வெயில் வடிகட்டியதுபோல் மென்மையாக வந்தது. குண்டின் பின்னாலும் பக்கத்திலும் அந்த ஒளி விழும்படி வைத்தபோது உள்ளே சுழன்றோடும் நிறம் தெளிவாகத் தெரிந்தது. கீழே கறுப்புத் துணி விரித்தோம். உருண்டு ஓடாமலிருக்கச் சைக்கிள் டியூபிலிருந்து அறுத்த சிறு வளையத்தின்மேல் குண்டை நிறுத்தினோம். பக்கத்தில் அடிக்கோலும் எண் எழுதிய சீட்டும் வைத்தோம். கைப்பேசியை மிக அருகில் கொண்டுபோகாமல் சற்றுத் தள்ளிப் பிடித்தோம். கண்ணாடிக் குண்டு குவிவில்லைபோல் இயங்குவதால், ஒவ்வொன்றின் வழியாகவும் எங்கள் சன்னல் தலைகீழாகத் தெரிந்தது. அதைக் கண்டு மகள் மிக மகிழ்ந்தாள்.

எண்ணுக்கு எண் ஒரு நோட்டுப் புத்தகத்தில் எழுதினோம். என்ன குண்டு, எந்த ஆண்டு, எப்படி வந்தது, யாரிடமிருந்து வந்தது. முதல் மூன்றும் எளிதாக இருந்தன. நான்காவதுதான் என்னைத் தடுத்து நிறுத்திற்று.

ஏனெனில் கோலி சேர்ப்பது தபால்தலை சேர்ப்பது போன்றதன்று. நான் காசு கொடுத்து வாங்கியவை மிகச் சில. மற்றவையெல்லாம் குழியாட்டத்திலும் பேந்தாவிலும் பிறரிடமிருந்து வென்றவை. ஒருவன் சிரித்தால் இன்னொருவன் அழுதிருப்பான். தோற்றவன் குண்டையும் இழந்து, மூடிய கைமுட்டியால் குண்டைக் குழிவரை தள்ளிச் செல்லவும் வேண்டும். முட்டி தோலுரியும். ஆகவே என் செல்வம் என்று நான் பெருமையாக வைத்திருந்த புட்டி, உண்மையில் என் தோழர்களின் இழப்புக் கணக்கு. அவர்களுள் 61 குண்டுக்கு உரியவர்களை நினைவுகூர முடிந்தது. 82 குண்டுக்குப் பெயரில்லை. அந்தப் பிள்ளைகளின் முகம்கூட மறந்துபோயிற்று. "தெரியவில்லை" என்று 82 முறை எழுதினேன். அது இலேசான வேலையன்று.

அத்தையின் கற்கள்

எழுதிக்கொண்டிருக்கையில் என் மகள், "அத்தை எதுவும் சேர்த்து வைக்கலையாப்பா?" என்று கேட்டாள். சேர்த்தாள். என் தமக்கை ஏழாங்கல் ஆட்டத்தில் தெருவுக்கே அரசி. பெரியபாளையம் கோயிலுக்குச் சென்றபோது ஆரணியாற்றில் தேடித் தேடிப் பொறுக்கிய ஏழு கூழாங்கற்களை ஒரு சுருக்குப் பையில் வைத்திருந்தாள். அவள் திருமணமாகிப் போன பின், "கல்லுதானே" என்று யாரோ எடுத்துக் கொல்லையில் கொட்டிவிட்டோம். என் குண்டுகள் பரணேறின. அவள் கற்கள் மண்ணோடு போயின. ஆண்பிள்ளையின் விளையாட்டு பொருள், பெண்பிள்ளையின் விளையாட்டு கல்! ஐரோப்பிய ஓவியர் புரூகல் 1560இல் குழந்தை விளையாட்டுகளைப் பெரிய ஓவியமாகத் தீட்டியபோது, எலும்புத் துண்டுகளை எறிந்து பிடித்து ஆடும் இரு பெண்களையும் விட்டுவிடவில்லை. நானூற்று அறுபது ஆண்டுக்கு முன் ஓர் ஓவியனுக்கிருந்த கண், வரலாறு படித்த என் வீட்டில் இல்லை. தமக்கையிடம் தொலைபேசியில் கேட்டு, அந்த ஏழு கற்களின் நிறத்தையும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டேன். படமில்லாப் பதிவு. ஒன்றுமில்லாததற்கு அதுவாவது இருக்கட்டும்.

இவையெல்லாம் வேலையற்றவர் செய்யும் வேலை என்று சொல்வோர் உண்டு. வயிற்றுக்குப் போராடும் குடும்பத்தில் பழைய குண்டுக்குப் படம் ஒரு கேடா என்பர். அவர்களுக்கு நான் விடை சொல்லப் போவதில்லை. எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன்.

எண் 37

37ஆம் எண் குண்டு கருநீலம். உள்ளே ஒரு வெள்ளைக் கீற்று. ஓரத்தில் சிறு சில்லு பெயர்ந்த வடு. அன்னையார் கேட்ட "கேம்ப்புப் பையன்" குண்டு அதுவே என்று கடைசியில் கண்டுபிடித்தேன். 1990இல் போர் மீண்டும் மூண்டபின் படகேறி வந்த குடும்பத்துப் பிள்ளை அவன். ஆறாம் வகுப்பு முதல் எட்டாம் வகுப்பு வரை என்னோடு ஒரே பெஞ்சில் அமர்ந்தவன். நோட்டில், "37. வென்றது" என்று எழுதி அவன் பெயரையும் எழுதினேன்.

அவன் இன்றும் அதே முகாமில்தான் இருக்கிறான். அதற்கு 2021 முதல் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் என்று பெயர். கட்டடங்களுக்கு வண்ணம் பூசும் வேலை செய்கிறான். பிறந்த ஊரிலிருந்து கூப்பிடு தூரத்தில் இருந்தவனை நான் பார்த்துப் பத்தாண்டுக்கு மேலாயிற்று. வெட்கத்தோடுதான் போனேன். படத்தைக் காட்டினேன், நோட்டையும் காட்டினேன். குண்டையும் கையில் கொடுத்தேன்.

அவன் படித்துவிட்டுச் சிரித்தான். "நீ வெல்லேல்லை மச்சான். நான் தந்தனான். பள்ளிக்கூடத்தால நிண்ட அண்டைக்கு, ரயில்வே கேட்டடியில வச்சுத் தந்தனான். நீ மறந்து போனாய்" என்றான்.

என் அன்னையார் சொன்னதே சரி. முப்பது ஆண்டுகளில் என் நினைவு ஒரு கொடையை வெற்றியாக மாற்றிவிட்டது. மேலும் அவன் சொன்னான்: "அது என்ர போளையும் இல்லை. அண்ணாவின்ர. வரேக்க காற்சட்டைப் பொக்கற்றுக்குள்ள வச்சுக்கொண்டு வந்தவர். வீட்டுப் படங்கள் எல்லாம் அங்கேயே விட்டிட்டு வந்தது. எங்கட சின்ன வயசுச் சாமான் எண்டு இது ஒண்டுதான் இருக்கும் போல."

குண்டைத் திருப்பி எடுத்துக்கொள்ளச் சொன்னேன். மறுத்துவிட்டான். "தந்தது தந்ததுதான். படத்தை மட்டும் அண்ணாவுக்கு அனுப்பிவிடு" என்றான். அண்ணன் இப்போது பிரான்சு நாட்டில் இருக்கிறார். அவன் கைப்பேசியிலிருந்தே அனுப்பினோம். சிறிது நேரத்தில் விடை வந்தது. ஓரத்தில் வடு எப்படி விழுந்தது என்று அவர் எழுதியிருந்தார். படகிலிருந்து இறங்கும்போது பாறையில் விழுந்து தெறித்ததாம். அதையும் நோட்டில் எழுதிக்கொண்டேன்.

மகள் தாம்பாளத்தில் எடுத்த முதல் படத்தை அனுப்பியிருந்தால் அவர் அடையாளம் கண்டிருக்க மாட்டார். அந்த வடுவைக் காட்டியது வேட்டி கட்டிய சன்னலின் ஒளி.

மாணவ நண்பர்களே! உங்கள் வீட்டிலும் ஒரு புட்டி இருக்கும். கோலியாக இல்லாவிடினும் பம்பரமாகவோ, தீப்பெட்டி அட்டையாகவோ, சோழியாகவோ இருக்கும். வீடு மாறும் முன், பரண் இடியும் முன், பாட்டி இருக்கும்போதே அதைக் கீழே இறக்குங்கள். ஒவ்வொன்றாகப் படம் எடுங்கள். பக்கத்தில் அளவு வையுங்கள். யாரிடமிருந்து வந்தது என்று எழுதுங்கள். கைப்பேசி பழுதாகும், ஆதலின் இரண்டு படியாவது தாளில் அச்சிடுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, எழுதியதை உரியவரிடம் கொண்டுபோய்க் காட்டுங்கள். நீங்கள் எழுதியது தவறாகவும் இருக்கலாம். அதைத் திருத்தக்கூடியவர் இன்னும் இருக்கிறார் என்பதே நம் பெரும்பேறு. அத்திரம்பாக்கத்துக் கல்லைச் செதுக்கியவனிடம் சென்று கேட்க எந்த அறிஞராலும் இயலாது; நம்மால் இயலும்.

37ஆம் எண்ணுக்கு நேரே "வென்றது" என்னும் சொல்லை ஒரு கோட்டால் அடித்திருக்கிறேன். பழைய எழுத்து தெரியும்படிதான் அடித்தேன். தவறும் பதிவாக இருக்க வேண்டும் அன்றோ? பக்கத்தில், "தந்தது" என்று எழுதியிருக்கிறேன்.